கொக்குச் சதுப்பில் ஒரு பரண்

கொக்குச் சதுப்பின் மேற்கு ஓரத்துக்கு வேட்டைக் குழுவின் வரைபடத்தில் ஏதோ ஓர் எண் உண்டு. அந்த எண்ணை யாரும் சொன்னதில்லை. "ஹில்க்கா இடம்" என்றுதான் சொல்வார்கள். நாய்கள் காட்டைக் கலைத்ததும் மூஸ் மான்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் சதுப்பைத் தாண்டி ஏரிப் பக்கம் போகும். அங்கே துப்பாக்கியோடு ஹில்க்கா நின்றிருப்பாள். அக்டோபர் வந்தால் அவள் நிற்பது அங்கே என்பதை, சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்பதைப் போல, ஊரில் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

வேட்டைக் குடிலில் நடந்த பிப்ரவரிக் கூட்டத்தில் குழுத் தலைவன் வெய்யோ வரைபடத்தை மேஜையில் விரித்து அந்த இடத்தின் மேல் விரலை வைத்தான்.

"இங்க இனிமே தரையில நின்னு சுடக்கூடாது. எதிர்க்கரையில பட்டணத்துக்காரங்க கோடை வீடு கட்டிட்டாங்க. குண்டு தப்பினா நேரா அவங்க சமையலறைக்குத்தான் போகும்."

"நான் எப்ப தப்பவிட்டேன்?" என்றாள் ஹில்க்கா.

"நீ தப்பவிடல. குண்டு மானைத் துளைச்சுட்டு அந்தப் பக்கம் போறப்ப உன்னைக் கேட்டுட்டா போகும்?"

வெய்யோ சொன்னது நியாயம். அவள் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்: "உசரத்துலேர்ந்து சுட்டா?"

"உசரத்துலேர்ந்து சுட்டா குண்டு தரையில இறங்கிடும். பரண் இருந்தா சரிதான். ஆனா அந்தச் சதுப்புல பரண் எங்க நிக்கும்? எங்கப்பா காலத்துலயே கட்டிப் பார்த்துட்டு விட்டுட்டாங்க."

"நிக்க வெச்சுட்டா?"

"செப்டம்பர்ல காபிச் சோதனை. தேறினா இடம் உன்னுது. தேறலைன்னா..." வெய்யோவின் கண் குடிலின் மூலையில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய சூப் அண்டாவின் பக்கம் போனது. "வெங்காயம் நறுக்கவும் ஆள் வேணும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹில்க்காவும் சிரித்தாள். ஆனால் அந்த அண்டா அவளுக்கு விளையாட்டாகப் படவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அவள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் வேனிலிருந்து இறங்கும்போது பனிக்கட்டியில் வழுக்கி, இடது முழங்கால் போய்விட்டது. நாய்களோடு காட்டுக்குள் நடக்கிற வரிசையில் இனி அவளால் சேர முடியாது. மற்ற இடங்களுக்கெல்லாம் பழைய ஆட்கள் இருக்கிறார்கள். இந்த ஓர் இடமும் போனால், அவளுக்கு வேட்டையில் மிஞ்சுவது அண்டாதான்.

காபிச் சோதனை என்பது அந்தக் குழுவின் வழக்கம். புதிதாகக் கட்டிய பரணில் குழுவிலேயே கனமான ஆள் ஏறி உட்காருவான். கையில் விளிம்பு வரை ஊற்றிய காபிக் கோப்பை. கீழே இரண்டு பேர் பரணின் காலைப் பிடித்து உலுக்குவார்கள். ஒரு சொட்டு சிந்தினாலும் பரண் தேறவில்லை என்று அர்த்தம். எவ்வளவு பலமாக உலுக்கலாம் என்பதைப் பற்றி மட்டும் வருஷா வருஷம் சண்டை நடக்கும்.

மார்ச்சில் வேலை தொடங்கியது. சதுப்புக்குள் பாரம் கொண்டுபோக மார்ச்சை விட்டால் வேறு மாதம் இல்லை. பனி இறுகி, கீழே சேறும் உறைந்து, பனி வண்டி தார்ச்சாலையில் போவது போலப் போகும். ஹில்க்காவின் தம்பி சுலோ வண்டியை ஓட்டினான். கால்களுக்கு நான்கு பைன் மரங்கள், குறுக்குச் சட்டங்கள், பலகை, ஏணி, இரும்பு முளைகள், பரணைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிச் சுருள் எல்லாம் நான்கைந்து நடையில் வந்து சேர்ந்தன.

முதலில் பரணைப் பனியில் படுக்க வைத்தே கட்டினார்கள். கால்கள் கீழே அகன்று மேலே குறுகும்படி வைத்து, ஒவ்வொரு பக்கமும் பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டம் அடித்தார்கள். ஆணியை நம்பாமல் எல்லா மூட்டுக்கும் போல்ட் போட்டு முடுக்கினாள் ஹில்க்கா. பிறகு கயிறு கட்டி, பனி வண்டியால் இழுத்து நிமிர்த்தினார்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. நான்கு மூலையிலும் தரையைத் துளையிட்டு இரும்பு முளைகளை இறக்கி, ஸ்டே கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள். சம்மட்டி பட்டபோது தரை கருங்கல் போலக் கணீரென்றது.

ஹில்க்கா ரசமட்டத்தை எடுத்து நான்கு பக்கமும் வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவிலேயே நின்றது. சுலோ தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது நகரணும்னா பூமியே நகரணும்."

அவள் அன்றைக்கே படம் எடுத்து வெய்யோவுக்கு அனுப்பினாள். பதில் ஒரே வரியில் வந்தது: மே மாதம் பார்க்கலாம்.

"பொறாமை," என்றாள் ஹில்க்கா.

மே மாதம் வெய்யோ வருவதற்கு முன் அவளே பார்த்துவிட்டாள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பாசிமேல் காலை அழுத்தி அழுத்தி எடுத்து வைத்து வந்தவள், கடைசி பிர்ச் புதரைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். பரண், மூடிய கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்கிறவனைப் போல ஏரிப் பக்கம் சாய்ந்து நின்றது. இரண்டு கால்கள் கணுக்கால் அளவு சேற்றில் இறங்கியிருந்தன. பின்பக்க ஸ்டே கம்பி தொய்ந்து பாசிமேல் கிடந்தது. அந்த இரும்பு முளையை ஒரு கையால் பிடித்து இழுத்தாள். தோட்டத்தில் காரட்டைப் பிடுங்குவது போல வந்துவிட்டது.

இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள். உறைந்த சதுப்பு கல்லாக நடிக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். சதுப்புக்குப் பாரம் கொண்டுபோக உறைபனியை நம்பி நம்பியே பழகியதில், பாரத்தை நிறுத்தவும் அதையே நம்பிவிட்டாள். வெய்யோவின் ஒரு வரி பொறாமை இல்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. வெளியூர்க்காரன் ஒருவன் கட்டியிருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவன் கோடையில் வந்து, சேற்றைப் பார்த்து, பயந்து திரும்பிப் போயிருப்பான்.

சுலோ வந்து பார்த்தான். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினான்.

"சரி, பின்னாடி இருக்கற பாறை மேட்டுக்கு மாத்திடலாம். அங்க ஒரு பிரச்சினையும் இல்ல."

ஹில்க்கா உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அந்த மேட்டில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். மான் கடக்கிற வழியைப் பிர்ச் புதர் முழுசாக மறைத்தது. அங்கே பரண் கட்டினால் காற்று வாங்கலாம், மான் சுட முடியாது.

"மேடு வேண்டாம்," என்றாள் மறுநாள்.

"ஏன்க்கா இப்படிப் பிடிவாதம் பிடிக்கற? ஒரு வருஷம் சமையல்ல இருந்தா என்ன குறைஞ்சுடும்?"

"ஒரு வருஷமா? ஒருதடவை கரண்டியைக் கையில குடுத்தாங்கன்னா அப்புறம் யாருடா திருப்பி வாங்குவா?"

"அப்ப நீயே கட்டிக்கோ. எனக்கு வைக்கோல் வேலை இருக்கு." சுலோ போய்விட்டான்.

அவள் அவசரப்படவில்லை. முதலில் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டு இரும்புக் கம்பிகளை ஒன்றாகப் பற்றவைத்து நீட்டி, பரணைச் சுற்றிக் குத்திப் பார்த்தாள். காட்டுப் பக்கக் கால்களுக்குக் கீழே ஒரு கை ஆழத்திலேயே கம்பி 'டிங்' என்றது. பாறை. ஏரிப் பக்கக் கால்களுக்குக் கீழே கம்பி போய்க்கொண்டே இருந்தது. கைப்பிடி வரை உள்ளே போன பின்பும் அடி தட்டவில்லை.

ஆக, பாதிப் பரண் பாறையில், பாதிப் பரண் கஞ்சியில். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்ததுதான் தப்பு என்று அவளுக்குப் புரிந்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்தாள். கையால் சுற்றி இழுக்கும் வின்ச்சைக் காட்டோரத்துப் பெரிய பைன் மரத்தில் கட்டி, பரணை ஒரு நாளைக்குக் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தினாள். ஒரேயடியாக இழுத்தால் மூட்டு பிளந்துவிடும். காட்டுப் பக்கம் சேற்றை வழித்துப் பாறையைக் கழுவி, துளையிட்டு, போல்ட்டுகளை இறக்கிச் சிமெண்ட் குழைத்து அடைத்தாள். ஏரிப் பக்கம் கால்களை நெம்புகோல் போட்டுத் தூக்கி, அடியில் நீளமான மரங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கித் தெப்பம் போலக் கட்டினாள். பனியில் சறுக்குப் பலகை ஆளைத் தாங்குவது போல, இந்தத் தெப்பம் பாரத்தைப் பரப்பித் தாங்க வேண்டும். அதுவரை எல்லாம் சரியாகவே வந்தது.

மிச்சம் இருந்தது ஸ்டே கம்பிக்குப் பிடிமானம். பரண் ஏரிப் பக்கம் சாயாமல் பாறை போல்ட் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் காற்று தள்ளினால் பிடிக்க இரு பக்கமும் ஆழச் சேறுதான். முளை நிற்காத மண்ணில் கட்டையைத்தான் புதைக்க வேண்டும் என்று யோசித்தாள். நீளமாகப் பள்ளம் தோண்டி, கட்டையைப் படுக்க வைத்து, அதன் இடுப்பில் கம்பியைச் சுற்றி, மேலே மூடிவிட்டால், கம்பியை இழுக்கிறவன் அவ்வளவு சேற்றையும் சேர்த்துத் தூக்கியாக வேண்டும்.

தோண்டினாள். கொசுவும் குதிரை ஈயும் வலைத்தொப்பியை மொய்த்தன. பள்ளத்தில் தண்ணீர் ஊறியது. கட்டையை உள்ளே போட்டு, பாசியைத் தள்ளி மிதித்துவிட்டு, நெற்றியைத் துடைக்கத் திரும்பினாள். பின்னால் 'பொளக்' என்று சத்தம். கட்டை கடல்நாய் போலத் தலையை நீட்டி மிதந்துகொண்டிருந்தது.

ஹில்க்கா அதைப் பார்த்து அவளுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். பிறகு மதியத்துக்குக் கொண்டுவந்த கறுப்பு ரொட்டியை எடுத்து, அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் உட்கார்ந்திருந்தவரை கட்டை அமுங்கியே இருந்தது. அப்படியானால் வேண்டியது பாரம்.

பாரம் என்றால் கல். கல் இருந்தது வீட்டு வயல் ஓரத்தில். பனி இல்லாததால் பனி வண்டி கிடையாது. டிராக்டர் வந்தால் மூழ்கிவிடும். அவள் கொட்டகையிலிருந்து குளிர்காலத்தில் விறகு இழுக்கும் பிளாஸ்டிக் சறுக்குப் பெட்டியை எடுத்தாள். வேனில் கற்களைக் காட்டோரம் வரை கொண்டுவந்து, பெட்டியில் ஏற்றி, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பாசிமேல் இழுத்தாள். ஈரப்பாசியில் பெட்டி ஓரளவு வழுக்கிக்கொண்டு வந்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்று முழங்காலைப் பிடித்துக்கொள்வாள். மறுபடி இழுப்பாள்.

ஜூலை மாதத்தில் ஹில்க்கா சறுக்குப் பெட்டி இழுக்கிறாள் என்ற செய்தி கடைத்தெருவுக்குப் போய்விட்டது. வெய்யோ கடையில் அவளைப் பார்த்து, "என்ன, கிறிஸ்துமஸ் சீக்கிரம் வந்துடுச்சா உனக்கு?" என்றான்.

"ஆமா. உன் வீட்டுக்கும் வரேன். கல்லுதான் கொண்டு வருவேன்," என்றாள்.

ஒரு நாள் அவள் இழுத்துக்கொண்டிருக்கும்போது கயிறு சட்டென்று லேசானது. அறுந்துவிட்டதோ என்று திரும்பினாள். சுலோ பெட்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தான்.

"வைக்கோல்?"

"காயுது." அவன் அவள் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். "உன் முழங்கால் வீங்கி ரொட்டி மாதிரி இருக்கு. நாளைக்கு வேன் ஓட்டுவியா இல்லையா?"

"பள்ளிக்கூடம் லீவுடா."

"சரி, அப்ப வீங்கட்டும்."

அதற்குமேல் அந்தச் சண்டையைப் பற்றி இருவரும் பேசவில்லை. கட்டைகள் இரண்டும் கற்களின் கீழே போயின. மேலே பாசியைக் கம்பளம் போல வெட்டி வைத்து மூடினார்கள். கம்பி இறுக்கும் திருகை முறுக்கியபோது கம்பி நிமிர்ந்தது, கட்டை அசையவில்லை. ஆனாலும் அவள் முழுசாக முறுக்கிவிடவில்லை. சேறு இறங்க இறங்க, ஆகஸ்ட் முழுக்க வந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள்.

செப்டம்பரில் சோதனைக்கு வெய்யோ வந்தான். அவனோடு கனமான ஆள் தௌனோவும் இன்னொருவனும் வந்தார்கள். தௌனோ நல்லவன், வாய் ஓயாதவன். அன்றைக்கு மட்டும் சதுப்பைக் கண்டதும் பேச்சு குறைந்துவிட்டது. அவன் இதுவரை ஏறிய பரண்கள் எல்லாம் மரங்களுக்கு நடுவே நின்றவை. இது வெட்டவெளியில், நாலாபுறமும் வானத்தோடு நின்றது.

அவன் ஏறினான். ஏணிப்படி ஒவ்வொன்றும் முனகியது, உடையவில்லை. சுலோ பின்னாலேயே ஏறிக் கோப்பையைக் கொடுத்து, விளிம்பு வரை காபி ஊற்றிவிட்டு இறங்கினான். வெய்யோவும் மற்றவனும் காலைப் பிடித்து உலுக்கினார்கள்.

மேலேயிருந்து காபி சொட்டியது. வெய்யோவின் தொப்பியிலேயே விழுந்தது.

"சிந்திடுச்சு," என்றான் வெய்யோ. குரலில் சந்தோஷம் இல்லை. தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். "பாவம்தான், ஹில்க்கா. ஆனா வழக்கம் வழக்கம்தான்."

சுலோ தலையைக் குனிந்துகொண்டான். ஹில்க்கா குனியவில்லை. அவள் பார்த்தது பரணின் கால்களை. இவர்கள் உலுக்கியபோது கம்பி அதிரவில்லை. தெப்பத்தைச் சுற்றியிருந்த தண்ணீரில் ஒரு வளையம்கூட இல்லை. பிறகு மேலே பார்த்தாள். தௌனோவின் ஒரு கை கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன.

"இன்னும் உலுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தாள். நல்ல காலை முதலில், கெட்ட காலைப் பின்னால் இழுத்து, படி படியாக ஏறிப் பெஞ்சில் தௌனோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தௌனோ, உலுக்கினப்ப ஆடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் தூரத்து ஏரியைப் பார்த்தபடியே சொன்னான்: "பரண் ஆடல. நான்தான் ஆடினேன். கீழ சொல்லிடாதே."

"சொல்லாம என் இடத்தை விட்டுடச் சொல்றியா?"

அவள் அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கிப் பெஞ்சுக்கு முன்னால் இருந்த குறுக்குப் பலகையில் வைத்தாள். பையிலிருந்த பிளாஸ்கைத் திறந்து மறுபடி விளிம்பு வரை ஊற்றினாள்.

"வெய்யோ! கோப்பை இப்ப பலகை மேல இருக்கு. யார் கையிலயும் இல்ல. நீ சோதிக்க வந்தது பரணையா, தௌனோ கையையா?"

வெய்யோ தௌனோவை அண்ணாந்து பார்த்தான். பிறகு மற்றவன் சொன்னான்: "கையில வெச்சுக்கணும்னு யார் சொன்னது? எங்கப்பா காலத்துல பலகையிலதான் வைப்பாங்க."

"உங்கப்பா காலத்துல காபியே கிடையாது," என்றான் வெய்யோ. ஆனாலும் உள்ளங்கைகளில் துப்பித் தேய்த்துக்கொண்டு வந்து காலைப் பிடித்தான். சுலோவையும் கூப்பிட்டான். மூன்று பேருமாக, மரத்திலிருந்து ஆப்பிள் உதிர்ப்பது போல, பல்லைக் கடித்துக்கொண்டு உலுக்கினார்கள். கோப்பையில் காபியின் மேல் ஒரு மெல்லிய நடுக்கம் ஓடியது. விளிம்பைத் தாண்டவில்லை. வெய்யோவுக்கு அது போதவில்லை. ஸ்டே கம்பியில் தொங்கியே பார்த்தான். கம்பி அவனைத் தாங்கிக்கொண்டு சும்மா இருந்தது.

அவன் மூச்சு வாங்கியபடி நிமிர்ந்தான். "கீழ என்னத்தைப் புதைச்சு வெச்சிருக்கே?"

"ஜூலை மாசத்தை," என்றாள் ஹில்க்கா.

"சரி. இடம் உன்னுது."

தௌனோவைக் கீழே இறக்கத்தான் நேரமானது. ஹில்க்கா ஏணியின் உச்சியில் மண்டியிட முடியாமல் பக்கவாட்டாக உட்கார்ந்து, "ஏரியைப் பார்க்காதே, என் மூஞ்சியைப் பார். இடது கால். அடுத்தது. நீ ஒண்ணும் வானத்துலேர்ந்து இறங்கல," என்று ஒவ்வொரு படிக்கும் சொன்னாள். தரையில் கால் பட்டதும் தௌனோவுக்குப் பேச்சு திரும்பியது. தான் ஏறியதிலேயே உறுதியான பரண் இதுதான் என்று கார் வரைக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே போனான்.

ஹில்க்கா இறங்கவில்லை. அவர்கள் போன பிறகு பெஞ்சில் நேராக உட்கார்ந்து, ஒரு பிர்ச் குச்சியைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு, மான் வரக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாகக் குறிபார்த்தாள். நேர் எதிரே குறி பாசியில் இறங்கியது. வலது பக்கமும் பாசி, பிறகு தண்ணீர். இடது ஓரத்துக்குத் திரும்பியபோது குச்சியின் நுனிக்கு மேலே, மரங்களின் இடைவெளியில், அந்தக் கோடை வீட்டின் சிவப்புக் கூரையும் ஒரு கொடியில் காயும் துணிகளும் தெரிந்தன. அந்தப் பக்கம் தரை கொஞ்சம் மேடு; அங்கே நிற்கிற மானைத் துளைத்த குண்டு தரையில் இறங்காமல் நேரே போய்விடும். இந்த உயரம் அதற்குப் போதாது.

இதை யாரும் கவனிக்கவில்லை. வெய்யோகூட. அவன் காபியைத்தான் பார்த்தான்.

அவள் பெஞ்சுக்கு அடியில் கருவிகளோடு மிச்சம் கிடந்த பலகைத் துண்டு ஒன்றை எடுத்தாள். இடது ஓரத்தில், துப்பாக்கிக் குழல் அதற்குமேல் திரும்பவே முடியாதபடி செங்குத்தாக வைத்து, குச்சியால் தள்ளிப் பார்த்தாள். குச்சி பலகையில் இடித்து நின்றது. அந்த வழியாக வருகிற மான் இனி போகலாம். அவள் சுட மாட்டாள். மான் வருவதில் பாதி அந்த வழியாகத்தான் வரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வாயில் இரண்டு ஆணிகளைக் கவ்விக்கொண்டு, இன்னொன்றைச் சுத்தியலால் அடிக்கத் தொடங்கினாள். காட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்த வெய்யோ சத்தம் கேட்டுத் திரும்பி, "தேறிடுச்சுன்னு சொல்லிட்டேனே, இன்னும் என்னத்தை அடிக்கற?" என்று கத்தினான்.

அவள் வாயில் ஆணி இருந்ததால் பதில் சொல்லவில்லை. அடித்தாள்.